உடம்பில் படாத முத்துச்சரம்

சின்னவளுடைய முன்பல் ஒன்றின் ஓரம் லேசாக மழுங்கியிருக்கும். கண்ட முத்தையும் பல்லில் தேய்த்துப் பார்த்து வந்த வினை என்று அவள் புருஷன் கேலி செய்வான். பல்லுக்குத் தனிச் சம்பளம் கேள் என்பான். அவள் வேலை பார்த்தது பழைய அலங்கார நகைக் கடையில். தங்கம், வைரம் என்று அங்கே பொட்டுக்கூடக் கிடையாது. எல்லாம் ஒரு காலத்தில் யாரோ ஆசை ஆசையாகப் போட்டுக்கொண்டவை. அவர்கள் போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் பையோடு கொண்டுவந்து மேஜையில் கொட்டிவிட்டுப் போவார்கள். அதில் முக்கால்வாசி போலி முத்து.

போலி என்ற வார்த்தையைக் கடைக்குள் சொல்லக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். கண்ணாடி முத்து என்றுதான் சொல்ல வேண்டும். அதையும் ஒருத்தன் கண் நோக உட்கார்ந்து செய்திருக்கிறான், அதை ஏன் அவமானப்படுத்த வேண்டும் என்பார். எந்நேரமும் ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டே திரிவதால் தெருவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

கடை தெருவை விடத் தாழ்வான இடத்தில் இருந்தது. நாலைந்து படி இறங்கி உள்ளே வர வேண்டும். மழைக்காலத்தில் படியோரம் தண்ணீர் கசியும், சாக்கு போட்டு வைப்பார்கள். உள்ளே தடுப்புக்குப் பின்னால் சின்னவளின் மேஜை. சரத்தை அறுத்து, மணிகளைப் பள்ளம் வைத்த பலகையில் அளவுவாரியாகப் பரப்பி, பட்டு நூலில் மறுபடி கோத்து, ஒவ்வொரு மணிக்கும் நடுவில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு மணியோடு ஒட்டி உட்காராவிட்டால் பூதக்கண்ணாடி முழுச் சரத்தையும் அறுத்துப்போட்டு மறுபடி கோக்கச் சொல்வார். அப்படி ஆரம்பத்தில் அவள் அழுதுகொண்டே கோத்த சரங்கள் எத்தனையோ.

எது அசல், எது கண்ணாடி என்பதை அவர்தான் அவளுக்குக் காட்டிக்கொடுத்தார். அசல் முத்து பல்லில் பட்டால் பொடிமணல் போல நறநறக்கும். கண்ணாடி முத்து வழுக்கிக்கொண்டு போகும். அசலில் ஒரு மணி மாதிரி இன்னொன்று இருக்காது. கண்ணாடியில் எல்லாம் ஒரே அச்சு. அதிலும் சந்தேகம் என்றால் துளையைப் பார்க்க வேண்டும். மீன் செதிலிலிருந்து எடுத்த சாந்தைக் கண்ணாடி மணிமேல் பல தடவை பூசித்தான் அந்த மினுமினுப்பைக் கொண்டுவந்திருப்பார்கள். துளையோரத்தில் அந்தப் பூச்சு கொஞ்சம் சுருண்டு, அடியில் கண்ணாடி எட்டிப் பார்க்கும்.

அந்தப் பூச்சுதான் அதன் உயிர். வியர்வை பட்டால் போச்சு. சென்ட், சோப்பு, தண்ணீர் எல்லாமே அதற்கு எமன். அசல் முத்துக்குக் கதை வேறு. அதைப் பூட்டி வைத்தால் வறண்டு மங்கிப்போகும். உடம்பில் கிடக்கக் கிடக்கத்தான் அதற்கு ஒளி. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு இரண்டையும் கெடுத்துவிட்டு வருவார்கள்.

சின்னவளின் அம்மாவிடம் ஒரு முத்துச்சரம் இருந்தது. அப்பா கப்பலில் சமையல் வேலைக்குப் போயிருந்த காலத்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கியது. அசல் முத்து, ஒரு வீட்டையே வாங்கலாம் என்று சொல்லிக் கொடுத்தாராம். அப்பா சொன்னதில் பாதியை நம்பினாலே அதிகம். ஆனாலும் அந்தச் சரத்தை மட்டும் அந்த வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அரிசி டப்பாவில் கை அடியைத் தட்டிய நாட்களில்கூட, சரம் இருக்கிறது என்று ஒரு தெம்பு இருந்தது.

அப்பா இறந்துபோன பிறகு அம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கையும் காலும் வராது, பேச்சும் பாதி வாயில்தான். பிள்ளைகள் மூன்று பேர். பெரியவள் ரெடிமேட் துணிக் கம்பெனியில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், கல்யாணம் ஆகவில்லை. அடுத்தவன் அண்ணன். கடைசி சின்னவள். அவளுக்குக் கல்யாணமாகி, கையில் குழந்தையோடு மாமனார் மாமியார் இருக்கிற ஒற்றை அறை வீட்டில் இருந்தாள். அம்மா படுத்துக்கொண்டே பங்கு பிரித்தாள். வீடு மகனுக்கு. சரம் பெரியவளுக்கு. சின்னவளுக்குக் கல்யாணச் செலவு செய்தாகிவிட்டது. பெரியவள் கடைசி வரைக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரும் மறுத்துப் பேசவில்லை. அண்ணன் மட்டும், அக்காவுக்குத்தான் பெரிய பங்கு என்று சிரித்தான்.

கொடுக்கும் முன் நூலை மாற்றித் தரச் சொல்லி அம்மா சரத்தைச் சின்னவளிடம் கொடுத்தனுப்பினாள். சின்னவள் அப்போதுதான் தொழிலை முழுதாகக் கற்றிருந்தாள். கடை மேஜையில் வைத்துப் பழைய நூலை அறுத்தாள். பழக்கதோஷத்தில் ஒரு மணியை எடுத்துப் பல்லில் தேய்த்தாள். வழுக்கிக்கொண்டு போனது. வேறு மணியை எடுத்துத் தேய்த்தாள். பிறகு துளைகளைப் பார்த்தாள். அதற்கப்புறம் பார்க்க ஒன்றுமில்லை. நல்ல வேலைப்பாடுதான், கொக்கியில் செய்தவனின் சிறிய முத்திரைகூட இருந்தது. ஆனால் கண்ணாடி.

அன்றைக்குச் சாயங்காலம், பெரியவள் மாடியில் துணி எடுக்கப் போயிருந்தபோது, அம்மாவின் காதோரம் குனிந்து விஷயத்தைச் சொன்னாள். அம்மா அதிர்ந்துபோவாள் என்று பயந்திருந்தாள். அம்மாவின் நல்ல பக்கத்துக் கண் மட்டும் அவளைப் பார்த்தது.

"தெரியும்" என்றாள். "பெரியவகிட்ட சொல்லாதே. சொன்னா போயிடுவா. அவ போனா நான் உன் வீட்டுக்குத்தான் வரணும்."

அம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மிரட்டலாகவும் சொல்லவில்லை. நடக்கப்போவதைச் சொன்னாள். சின்னவள் தன் ஒற்றை அறையை நினைத்தாள். மாமியாரின் முகத்தை நினைத்தாள். படுக்கையில் எல்லாம் போகிற உடம்பை எங்கே போட்டு எப்படிக் கழுவுவது என்று நினைத்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

புது நூலில் கோத்த சரத்தைப் பெரியவளிடம் கொடுத்தபோது, அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து வாங்கினாள். எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டாள். சின்னவள் மடமடவென்று சொன்னாள். உடம்பில் படக் கூடாது. தண்ணீர் ஆகாது. மெத்தென்ற உலர்ந்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும். தொங்கவிடாமல் படுக்கப் போட்டு வைக்க வேண்டும். ஈரம் இழுக்கப் பெட்டியில் ஒரு சாக்பீஸ் போட்டு வை என்று தன் பையிலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கடையில் ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தைகள், தானாக வந்தன. பொய்யை நன்றாகப் பாதுகாத்தால் அது பொய்யாகத் தெரியாது என்று அவளுக்குள் ஒரு கணக்கும் ஓடியிருக்கலாம். அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது அன்றைக்கு அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் தையல் மெஷின் மெக்கானிக் ஒருவர் பெரியவளைக் கேட்டார். கம்பெனியில் மெஷின் பழுது பார்க்க வருகிறவர். மனைவியை இழந்தவர், பேச்சுக் குறைவு. வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, நீங்களும் வருவதானால் வாருங்கள் என்று ஊசி மாட்டிக்கொண்டே சொன்னாராம். பெரியவள் அன்றைக்குக் கடைப் படி வரைக்கும் வந்து, சின்னவளை வெளியே கூப்பிட்டு, முகம் சிவக்க அதைச் சொன்னாள். போகட்டுமா என்று கேட்டாள். அம்மாவை விட்டுவிட்டு எப்படிக்கா என்றாள் சின்னவள். உனக்கென்ன, சரம் இருக்கிறது, பின்னால் ராணி மாதிரி இருக்கலாம் என்றும் சொன்னாள். பெரியவள் கொஞ்ச நேரம் சாக்கின் மேல் காலைத் துடைத்தபடியே நின்றாள். அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு பல வருஷம் அம்மா படுத்தே கிடந்தாள். பெரியவள் கம்பெனியை விட்டுவிட்டு வீட்டிலேயே கிழிசல் தைத்தாள். காலையில் அம்மாவைப் புரட்டிப் போட்டு, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டு, விரிப்பை உருவி வாளியில் ஊற வைப்பாள். கஞ்சியை வடிகட்டி ஸ்பூனில் கொடுப்பாள். பாதி உள்ளே போகும், பாதி கழுத்தில் வழியும். மழைக்காலத்தில் விரிப்புகள் காயாது. அடுப்புக்கு மேல் கயிறு கட்டித் தொங்கவிட்டு, வீடு முழுக்க அந்த வாடையோடு சோறு வடிப்பாள். அண்ணன் எப்போதாவது ஆரஞ்சுப் பழத்தோடு வந்து வாசலிலேயே நின்று விசாரித்துவிட்டுப் போவான். சின்னவள் வாரா வாரம் வருவாள், கொஞ்ச நேரம் விரிப்பு அலசுவாள், பஸ் போய்விடும் என்று கிளம்புவாள்.

சரத்தை மட்டும் பெரியவள் அடிக்கடி எடுத்துப் பார்ப்பாள். ஜன்னலோரம் துணி விரித்து அதன்மேல் வைத்து, மூச்சுக் காற்றுகூடப் படாமல் துடைப்பாள். சாக்பீஸ் ஈரம் கோத்தால் மாற்றுவாள். ஒரு நாளும் கழுத்தில் போட்டதில்லை. சின்னவளின் மகள் கல்யாணத்துக்குக்கூட வெறும் கழுத்தோடு வந்தாள். கூட்டத்தில் சென்ட் அடித்துக்கொண்டு வருவார்கள், எதற்கு வம்பு என்றாள்.

அம்மா ஒரு மழை நாளில் போனாள். காரியமெல்லாம் முடிந்ததும் அண்ணன் வந்து, வீட்டுக்கு ஆள் பார்த்துவிட்டதாகவும், மாதக் கடைசியில் காலி செய்தால் நல்லது என்றும் தரையைப் பார்த்துச் சொன்னான். பெரியவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தெருவைப் பார்த்த ஒரு அறையை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். முன்னால் தையல் கடை, பின்னால் படுக்கை. மெஷின் போட ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதுவரை யோசித்திருந்தாள். சரத்தை விற்றால் எல்லாம் நடந்துவிடும். சின்னவளிடம் அதைச் சொன்னபோது அவள் முகத்தில் சின்னவள் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு இருந்தது.

சின்னவள் அவசரமாகக் குறுக்கிட்டாள். என்னிடம் கொடு, நானே விற்றுத் தருகிறேன் என்றாள். புருஷனிடம் சொல்லி எங்கேயாவது கடன் வாங்கிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். ஒரு வீட்டு விலையை எந்த மடையன் கடன் தருவான். முதலாளி ஊரில் இல்லை என்றாள், மார்க்கெட் மந்தம் என்றாள். பெரியவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒரு நாள் தானே படி இறங்கி வந்துவிட்டாள்.

காலையிலிருந்து விடாத தூறல். சின்னவள் தடுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பெரியவள் குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, பெட்டியை மார்போடு அணைத்தபடி உள்ளே வந்தாள். சின்னவள் எழுந்திருக்கப் போனாள். பெரியவள் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். தங்கை இங்கே வேலை செய்கிறாள் என்று தெரிந்தால் முதலாளி தாட்சண்யத்துக்காக விலையைக் கூட்டிச் சொல்வார், அது கூடாது என்பது அவள் எண்ணம். அப்படிப்பட்ட ஆள் அவள்.

பூதக்கண்ணாடி அவளை உட்காரச் சொன்னார். பெட்டியைத் திறந்தார். சரத்தை எடுத்து விளக்கடியில் திருப்பினார். நிறைய நேரம் எடுத்துக்கொண்டார், கொக்கியைப் பார்த்து முகம் மலர்ந்தார். பிறகு மெதுவாக, இது கண்ணாடி முத்தும்மா என்றார். பழசு, நல்ல கைவேலை, சேர்த்து வைக்கிறவர்கள் விரும்பி வாங்குவார்கள் என்று சொல்லி ஒரு விலையும் சொன்னார். அந்த விலைக்கு நல்ல செருப்பும் ஒரு குடையும் வாங்கலாம்.

பெரியவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். இப்படி உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்தவர் பூதக்கண்ணாடி. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல நினைத்தார். அதுதான் வினையாகப் போனது.

"ஆனா ஒண்ணு சொல்லணும்மா. இத்தனை வருஷத்துக் கண்ணாடி முத்து, ஒரு மணியிலகூடப் பூச்சு விடாம நான் பார்த்ததே இல்லை. நீங்க இதை உடம்புல போட்டதே இல்லைபோல."

"இல்லை" என்றாள் பெரியவள். "போடக் கூடாதுன்னாங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க. சாக்பீஸ் வேற போட்டிருக்கீங்க. அசலா இருந்தா இந்தப் பெட்டியில இந்நேரம் வறண்டு வெடிச்சிருக்கும். இது கண்ணாடின்னு நல்லாத் தெரிஞ்சவங்கதான் இப்படிச் சொல்லிக் குடுத்திருக்கணும். யாரோ எங்க தொழில்காரங்க."

"அசலா இருந்தா எப்படி வச்சுக்கணும்?"

"போட்டுக்கணும்மா. தினமும் போட்டுக்கணும்."

பெரியவள் தலையைத் திருப்பித் தடுப்புக்குப் பின்னால் பார்த்தாள். சின்னவளின் கையில் ஊசி இருந்தது. அந்தப் பார்வை அவளைத் திட்டவில்லை. விலை தெரியாத ஒரு பொருளைத் திருப்பிப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு சரத்தைப் பெட்டியில் வைத்து மூடி, முதலாளிக்கு நன்றி சொல்லிவிட்டுப் படியேறினாள். சாக்பீஸை மட்டும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மத்தியானம் சின்னவள் அம்மா வீட்டுக்குப் போனபோது கதவு திறந்தே கிடந்தது. அம்மாவின் கட்டிலை அண்ணன் ஆட்கள் தூக்கிப்போயிருந்தார்கள். கட்டில் கால் பட்ட இடத்தில் தரை மட்டும் வெளுத்துத் தெரிந்தது. பெரியவள் கீழே உட்கார்ந்து, காய்ந்த ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். தங்கைக்கும் ஒரு டம்ளரில் ஊற்றி நகர்த்தி வைத்தாள்.

"எப்போ தெரிஞ்சுது?"

"நூல் மாத்தின அன்னிக்கே."

"அம்மாவுக்கு?"

"தெரியும்."

பெரியவள் தலையாட்டினாள். "அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கும். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, நான் ஒருத்திதான் துடைச்சுத் துடைச்சு வச்சிருக்கேன்."

அதைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சின்னவளுக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

"மெக்கானிக் கேட்டதை உன்கிட்ட வந்து சொன்னேனே. அப்பவும் தெரியும்."

சின்னவள் டம்ளரைப் பார்த்தாள்.

"வாயைத் திறந்து சொல்லுடி."

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

இத்தனை வருஷமும் இந்தக் கேள்விக்குச் சின்னவள் எத்தனையோ பதில்கள் தயார் செய்து வைத்திருந்தாள். உனக்கு மனசு உடைந்துவிடும் என்று, அம்மா சத்தியம் வாங்கினாள் என்று. அதையெல்லாம் விட்டுவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"நீ போயிட்டா அம்மா என் வீட்டுக்கு வந்திடுவாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. என்னால முடியாதுக்கா. அவ்வளவுதான்."

பெரியவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

"இதைச் சொல்லியிருந்தாலே நான் போயிருக்க மாட்டேனேடி. என்னால முடியாதுக்கா, நீ இருந்து பாத்துக்கோன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா இருந்திருப்பேன். உனக்காக இருந்தேன், அம்மாவுக்காக இருந்தேன்னாவது இருந்திருக்கும். இப்ப கண்ணாடிக்காக இருந்தேன்னு ஆயிடுச்சே."

சின்னவள் அழுதாள். பெரியவள் அவளைத் தேற்றவுமில்லை, எழுந்து போகச் சொல்லவுமில்லை. அழுது முடியும்வரை காத்திருந்து, இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். தன்னோடு வந்து இருக்கும்படி சின்னவள் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். உன் வீட்டில் இடமில்லை என்பதுதான் எப்போதோ முடிவாகிவிட்டதே என்று பெரியவள் சாதாரணமாகச் சொன்னாள்.

வீட்டைக் காலி செய்த பிறகு அவள் ஆற்றங்கரையோரம் ஒரு பெரிய கட்டடத்தில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சாப்பாடும் இடமும் அங்கேயே. அனுபவம் உண்டா என்று கேட்டார்களாம். ரயில் நிலையத்துப் பக்கத்து அறையில் ஒருவன் செல்போன் கடை போட்டான்.

சின்னவள் பிறகு அவளைச் சந்தையில் அவ்வப்போது பார்த்தாள். கழுத்தில் அந்தச் சரம் கிடந்தது. வெறும் கழுத்தோடு ஒட்டி, சாயம் போன வேலை உடுப்புக்கு மேலே. உருளைக்கிழங்கு மூட்டையருகே குனிந்து பொறுக்கும்போது வியர்வை மணிகளின் மேல் வழிந்தது. அக்கா, அது வீணாகிடும் என்று சின்னவளின் வாய்வரை வந்துவிட்டது. பெரியவள் நல்லா இருக்கியா, பேத்திக்குப் பல் முளைச்சிருச்சா என்று விசாரித்தாள். குளிக்கும்போதும் அதைக் கழற்றுவதில்லைபோல. அடுத்த முறை பார்த்தபோது பிடரிப் பக்கத்து மணிகளில் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. அதற்கடுத்த முறை முன்பக்கமும்.

பழைய முத்துகளைப் பற்றி யாராவது கடையில் கேட்டால், இப்போதெல்லாம் சின்னவளுக்குச் சட்டென்று வார்த்தை வருவதில்லை. உடம்பில் படக் கூடாது என்று சொல்லத் தொடங்கி நிறுத்திவிடுவாள். நீங்களே சொல்லுங்கள் என்று முதலாளியைக் கூப்பிடுவாள். அவருக்கு விஷயம் தெரியாது. உனக்கு வயசாகிவிட்டது என்பார்.

அடுத்த மழைக்காலத்தில் பெரியவள் மறுபடி படி இறங்கி வந்தாள். பூதக்கண்ணாடி சாப்பிடப் போயிருந்தார். நேராகத் தடுப்புக்குப் பின்னால் வந்து, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். கிழவியைத் தூக்கி உட்கார வைக்கும்போது அவள் பிடித்து இழுத்து, வியர்வையில் இற்றுப்போயிருந்த நூல் பல இடத்தில் அறுந்துவிட்டதாம். கட்டிலுக்கடியில் படுத்துத் தேடி, கிடைத்ததையெல்லாம் பொறுக்கி வந்திருந்தாள்.

சின்னவள் மணிகளைப் பலகையில் கொட்டினாள். ஒன்றில்கூட முத்து மிச்சமில்லை. எல்லாம் வெறும் கண்ணாடி, கலங்கிய தண்ணீர் நிறம். சில துளையோரங்களில் மட்டும் பழைய மினுக்கு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. எச்சிலில் நனைத்த விரலால் அதையும் துடைத்தெடுக்கப் போய், எடுக்க மனமில்லாமல் விட்டுவிட்டாள்.

"கோத்துக் குடு" என்றாள் பெரியவள்.

பட்டு நூலிலேயே கோத்தாள். ஒவ்வொரு மணிக்கும் நடுவில் முடிச்சு. முதலாளி இல்லாவிட்டாலும் ஒரு முடிச்சு தள்ளி விழுந்ததும் அறுத்துவிட்டு மறுபடி போட்டாள். பெரியவள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே சாக்கின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கொக்கியை மாட்டி முடித்து, சரத்தை நீட்டியபோது பெரியவள் அன்றைக்குக் கேட்ட மாதிரியே கேட்டாள்.

"எப்படி வச்சுக்கணும்?"

அவள் குரலில் குத்தல் இருக்கிறதா என்று சின்னவள் தேடினாள். இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

"இனிமே எப்படி வேணும்னாலும் வச்சுக்கலாம்க்கா" என்றாள் சின்னவள். "கெட்டுப்போக ஒண்ணும் இல்லை."

பெரியவள் சரி என்றாள். சின்னவள் கொக்கியை மாட்டிவிட எழுந்தாள். அதற்குள் பெரியவள் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த் தானே மாட்டிக்கொண்டாள். கிழவிக்கு மருந்து கொடுக்கிற நேரமாகிவிட்டது என்று சொல்லி, படியேறி மழையில் போனாள்.